டேங்கில் எத்தனை மணி நேரம் இருக்கிறது?

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் விமானத் திடலில் மாணவர் செஸ்னா என்ற சிறு பயிற்சி விமானத்தை ஒரு சுற்று பார்த்து முடித்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "எரிபொருள் எவ்வளவு இருக்கு?" புதிதாக வந்தவர்கள் "முக்கால் டேங்க் மேடம்" என்பார்கள். கொஞ்சம் பழகியவர்கள் "முப்பது காலன்" என்பார்கள். இரண்டையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. "மூன்று மணி பத்து நிமிடம்" என்கிற மாதிரி ஒரு பதில் வரும்வரை சாவியைக் கையில் கொடுக்க மாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. கலிஃபோர்னியாவுக்கு மென்பொருள் வேலைக்கு வந்து, 2008இல் பைலட் லைசென்ஸ் வாங்கி, அப்புறம் பயிற்சியாளர் ஆனேன். கமர்ஷியல் லைசென்ஸுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் வார இறுதிகளில் என்னோடு பறக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அளவுகளெல்லாம் அமெரிக்க காலனில் இருக்கும். ஒரு காலன் 3.785 லிட்டர்.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை, எரிபொருளைச் சரியாகக் கையாளாததால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கு மேற்பட்ட சிறு விமான விபத்துகள். ஓட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கமர்ஷியல் லைசென்ஸோ அதற்கும் மேலோ வைத்திருந்தவர்கள். மாணவர்கள் 2 சதவீதம்தான். மாணவருக்குப் பக்கத்தில் நச்சரிக்க ஒருவர் இருக்கிறார். லைசென்ஸ் வாங்கிய மறுநாளிலிருந்து நச்சரிக்க யாரும் இல்லை. நான் இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான்.

இந்த விபத்துகள் இரண்டு வகை. ஒன்று, டேங்க் முழுவதும் வற்றிவிடுவது. மற்றது, ஒரு டேங்க் வற்றி என்ஜின் நின்றிருக்கும், பக்கத்து டேங்கில் தாராளமாக இருக்கும், ஆனால் வால்வைத் திருப்பியிருக்க மாட்டார்கள். வீட்டில் சோறு இருந்தும் பட்டினி கிடப்பது மாதிரி. முதல் வகைக்கு மருந்து கணக்கு. இரண்டாவதற்கு மருந்து கைப்பழக்கம்.

அப்பாவிடம் ஒரு பஜாஜ் சேத்தக் இருந்தது. பாதி வழியில் திணறி நிற்கும். அப்பா குனிந்து குழாயை ரிசர்வுக்குத் திருப்புவார். அதுவும் தீர்ந்தால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கிடத்தி, நிமிர்த்தி, உதைத்து, பெட்ரோல் பங்க் வரை கொண்டுபோய்விடுவார். இரண்டு சக்கர வண்டி ஓட்டி வளர்ந்த நம் எல்லோருக்குள்ளும் அந்த நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: தீர்ந்தாலும் இன்னும் கொஞ்சம் இருக்கும். நாம் பயிற்சிக்கு எடுக்கிற செஸ்னாவிலும் பைப்பரிலும் அப்படி ரிசர்வ் என்று தனிக் குழாய் கிடையாது. நீங்கள் கிளம்பும்போதே கணக்கில் ஒதுக்கி வைக்கிற நேரம்தான் ரிசர்வ். ஒதுக்காவிட்டால் அது இல்லை.

சரி, அளப்பதிலிருந்து தொடங்குவோம்.

தரையில் எரிபொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும், குச்சியால் அளக்க வேண்டும். பேனலில் இருக்கிற முள்ளை நான் ஒரு சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். பழைய வாடகை விமானங்களில் அது ஆடும், ஒட்டிக்கொள்ளும், விமானம் சாய்ந்தால் கூடச் சாயும். குச்சி நான்கு பங்கு என்று சொல்லி முள் இரண்டு பங்கு என்று காட்டினால், இரண்டில் குறைவானதை எடுத்துக்கொண்டு, ஏன் இந்த வித்தியாசம் என்று கண்டுபிடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

செஸ்னா 172இன் டேங்குகள் இறக்கையின் மேல் பக்கம் திறப்பவை. நான் ஐந்தடி உயரம்கூட இல்லை, அதனால் ஏணி இல்லாமல் பார்க்கவே முடியாது. ஏணி தேடிப் போகிற சோம்பலில் எத்தனையோ பேர் மூடியைத் திறக்காமலே கிளம்புகிறார்கள். மடக்கும் ஏணி ஒன்றைக் காரில் போட்டு வையுங்கள். விமானம் சமதளத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சரிவில் நின்றால் குச்சி பொய் சொல்லும். அதோடு, எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வால்வான செலக்டர் இரண்டு டேங்குக்கும் பொதுவான நிலையில் இருந்தால், உயர்ந்த இறக்கையிலிருந்து தாழ்ந்த இறக்கைக்கு எரிபொருள் மெல்ல வடிந்துபோகும். இரவு முழுக்க அப்படி நின்ற விமானத்தின் காற்றுக்குழாய் வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எரிபொருள் போடும்போதும் நிறுத்தி வைக்கும்போதும் செலக்டரை இடது அல்லது வலது என்று ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் இது நடக்காது.

குச்சி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் விற்கும் பொதுக் குச்சியில் வெறும் எண்கள்தான் இருக்கும், ஒவ்வொரு விமானத்துக்கும் அட்டவணை வேறு. ஒரு விமானத்தின் குச்சியை இன்னொன்றில் விட்டு அளப்பது, ஆழாக்கு எது உழக்கு எது என்று தெரியாமல் அரிசி அளப்பதைப் போல. நான் அடிக்கடி எடுக்கும் விமானத்துக்கு ஒரு மரக்குச்சியில் நானே கோடு போட்டேன். டேங்கைக் காலி செய்யும் பராமரிப்பு நாளுக்காகக் காத்திருந்து, ஐந்தைந்து காலனாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குச்சியை விட்டு ஈரம் ஏறிய இடத்தில் கோடு. ஒரு மதியம் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் குச்சி சொன்னதில் நான் சந்தேகப்பட்டதில்லை.

இன்னொன்று, டேங்கில் இருப்பதெல்லாம் என்ஜினுக்குப் போகாது. 172இன் எஸ் மாடலில் 56 காலன் பிடிக்கும், பயன்படுவது 53. பழைய என் மாடலில் 43 பிடிக்கும், பயன்படுவது 40. பைப்பர் ஆர்ச்சரில் 50க்கு 48. கணக்கு எப்போதும் இரண்டாவது எண்ணிலிருந்துதான். டேங்கின் வாயில் ஓர் உலோக நாக்கு தெரியும். அதன் அடிவரை நிரப்பினால் எஸ் மாடலில் பக்கத்துக்கு 17.5 காலன், ஆர்ச்சரில் 17. நான்கு பேரை ஏற்றும்போது எடைக்காக அதுவரைதான் நிரப்புவோம். எரிபொருள் நாக்குக்கும் கீழே போய்விட்டது என்றால் எவ்வளவு கீழே என்று குச்சியில்லாமல் சொல்ல முடியாது.

அலகுக் குழப்பம் பெரிய விமானங்களையே விட்டதில்லை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, கிலோவில் போட வேண்டியதைப் பவுண்டு கணக்கில் போட்டுக்கொண்டு கிளம்பி, 41,000 அடியில் பறக்கும்போது எரிபொருள் தீரத் தொடங்கி, இரண்டு என்ஜினும் நின்று, மனிட்டோபாவின் கிம்லியில் இருந்த பழைய விமானப்படைத் திடலில் சறுக்கியே இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் காக்பிட்டில் இருந்தவர்கள் நம்மைவிட எவ்வளவோ அனுபவசாலிகள். லிட்டரில் விற்கும் நாட்டுக்குப் பறக்கும்போது மாற்றிய எண்ணை இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, மணிக்கு எவ்வளவு குடிக்கிறது. இங்கேதான் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

2009 இலையுதிர் காலம். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வாடகைக்கு எடுத்த ஒரு 172 என் மாடலில் சான் டியேகோ போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்புகிறேன். இரண்டு டேங்கும் முழுக்க நிரம்பியிருந்தன, ஏணியில் ஏறிப் பார்த்தேன். 40 காலன். வாட்சன்வில்லுக்கு ஏறத்தாழ 340 கடல் மைல். கையேட்டில் மணிக்கு 8.5 காலன் என்று போட்டிருந்தது, வேகம் 110 நாட், அதாவது மணிக்கு 110 கடல் மைல், என்று எடுத்துக்கொண்டேன். மூன்று மணிச் சொச்சம், 28 காலன், போய்ச் சேரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். காகிதத்தில் எல்லாம் அழகாக இருந்தது.

மேலே ஏறியதும் ஜிபிஎஸ் 88 நாட் என்று காட்டியது. கலிஃபோர்னியாக் கரையில் வடமேற்குக் காற்று வழக்கம்தான், அன்று கொஞ்சம் அதிகம். எண்ணைப் பார்த்தேன், அடுத்த மலைக்குப் பிறகு காற்று குறையும் என்று நினைத்துக்கொண்டேன். பாசோ ரோப்லஸ் திடல் கீழே தெரிந்தபோது இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முட்கள் இரண்டும் கால் பங்குக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. என் கணக்குப்படி இன்னும் 15 காலனுக்கு மேல் இருக்க வேண்டும், எனவே முள்தான் தவறு என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் ஒரு கூட்டம். விமானத்தை அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளிச்சம் மங்குவதற்குள் வீடு போய்விடலாம். வீடு பக்கத்தில் வர வர அதன் இழுப்பு கூடிக்கொண்டே போகும். அந்த இழுப்பை நீங்களும் உணர்வீர்கள்.

கிங் சிட்டிக்கு மேல் வரும்போது இடது முள் அடியைத் தொட்டது. அப்போதுதான் இறங்கினேன். செல்ஃப் சர்வ் பம்பில் நிரப்பினேன். 36 காலன் போனது. மிச்சம் இருந்தது 4 காலன். மணிக்கு ஏறத்தாழ 11 காலன் குடித்திருக்கிறது, ஆக சுமார் இருபது நிமிடம். வாட்சன்வில் இன்னும் 54 கடல் மைல், அந்தக் காற்றில் 37 நிமிடம். நான் இறங்காமல் போயிருந்தால் அந்தி இருட்டில் சலினாஸ் பள்ளத்தாக்கின் ஏதாவது கீரை வயலில் விமானத்தைப் போட்டிருப்பேன். பம்பின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

கையேட்டு எண்ணுக்கும் அன்றைய எண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலப்பது என்பதை மாற்றுவது மிக்ஸ்சர் குமிழ், உள்ளே தள்ளினால் எரிபொருள் அதிகம், அதாவது ரிச். அதை நான் வழி முழுக்க உள்ளே தள்ளியே வைத்திருந்தேன். "தெரியாவிட்டால் ரிச்சாகவே வை, என்ஜினுக்குப் பாதுகாப்பு" என்று யாரோ சொன்னது மனதில் பதிந்திருந்தது. உயரே போகப் போகக் காற்று மெலியும், அதற்கேற்ப எரிபொருளைக் குறைக்க வேண்டும். கையேட்டின் எண்கள் முறையாகக் குறைத்து ஓட்டியவருக்கான எண்கள். சமநிலைப் பறப்புக்கு வந்ததும் குமிழை மெதுவாக வெளியே இழுங்கள், என்ஜின் லேசாக முரடாகும், பிறகு சீராகும்வரை கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். இதைச் செய்யாதவருக்கு மணிக்கு இரண்டு காலன் வீண்.

அதனால் புத்தகத்து எண்ணை எடுக்காதீர்கள், உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். முழுக்க நிரப்புங்கள், இரண்டு மணி நேரம் பறங்கள், மறுபடி அதே பம்பில், அதே இடத்தில் நிறுத்தி, அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். போனதை நேரத்தால் வகுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் அந்த விமானம் உங்கள் கையில் எவ்வளவு குடிக்கிறது என்பது தெரியும். நான் கணக்குப் போடும் எண் அதில் மிக மோசமானது. கிளம்புமுன் ஓடுதளம்வரை ஓடுவதற்கும் மேலே ஏறுவதற்கும் தனியாக இரண்டு காலன்.

ரிசர்வ் எவ்வளவு? அமெரிக்க விதிப்படி, கண்ணால் பார்த்துப் பறக்கும் பறப்புக்குப் பகலில் போய்ச் சேர்ந்த பிறகு 30 நிமிடம், இரவில் 45 நிமிடம். இது திட்டமிடுவதற்கான சட்டக் குறைந்தபட்சம். இரண்டு முட்களும் அடியில் கிடக்க, முன்னால் இருக்கும் ஒரே ரன்வேயில் யாரோ சக்கரம் வெடித்து நிற்க, அடுத்த திடல் 25 மைல் தள்ளி இருக்கும்போது அந்த 30 நிமிடம் எவ்வளவு சிறியது என்று தெரியும். என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் கோடு பகலோ இரவோ ஒரு மணி நேரம். கிளம்பும்போது மட்டும் இல்லை, சக்கரம் தரையைத் தொடும்போது டேங்கில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும்.

முழங்காலில் கட்டிய தாளில் கிளம்பிய மணியையும், "எந்த மணிக்குள் தரையில் இருக்க வேண்டும்" என்பதையும் பெரிதாக எழுதுங்கள். மூன்று மணி நாற்பது நிமிட எரிபொருளோடு பத்து மணிக்குக் கிளம்பினால், ரிசர்வ் ஒரு மணி நேரம் போக, 12:40. அந்த மணிக்கு நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, இறங்கியிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை தரை வேகத்தைப் பார்த்து, போய்ச் சேரும் நேரத்தைத் திரும்பக் கணக்கிட்டு எழுதுங்கள். அந்த நேரம் 12:40ஐத் தாண்டினால் வழியில் இருக்கும் திடல்களில் ஒன்றை அப்போதே தேர்ந்தெடுங்கள், முள் அடியைத் தொட்ட பிறகு இல்லை. இந்த முடிவைத் தரையிலேயே எடுத்துவிடுவது நல்லது. கிளம்புமுன் "பாசோ ரோப்லஸுக்கு மேல் போகும்போது இவ்வளவு இல்லாவிட்டால் இறங்கிவிடுவேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலே போனபின் வீட்டு இழுப்பு வந்து உங்களோடு பேரம் பேசும், அந்தப் பேரத்துக்கு ஒரு சாட்சி வேண்டும்.

இனி இரண்டாவது வகை, பக்கத்து டேங்கில் இருந்தும் என்ஜின் நிற்பது. செஸ்னா 172இல் செலக்டர் பொதுவாக இரண்டு டேங்கிலிருந்தும் எடுக்கும் நிலையில் இருக்கும். பைப்பரில் அந்த நிலையே இல்லை: இடது, வலது, மூடு, அவ்வளவுதான். 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது மின்பம்பைப் போடுங்கள், திருப்புங்கள், அழுத்த முள்ளைப் பாருங்கள், ஒரு நிமிடம் பொறுத்துப் பம்பை அணையுங்கள். கீழே இறங்க ஒரு திடல் இருக்கும் இடத்தில் மாற்றுவது என் வழக்கம். தாழப் பறக்கும்போது மாற்ற வேண்டிய நிலைக்கு வரவே கூடாது.

நான் இருக்கும் இடத்திலிருந்து மான்டரே விரிகுடாவின் மறுகரையில் பசிபிக் குரோவ் இருக்கிறது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 மாலை அங்கேதான் கடலில் விழுந்து இறந்தார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். லாங்-ஈஸி என்ற, வீட்டில் கட்டப்பட்ட சிறு விமானம், அவர் கைக்குப் புதியது. அந்த ரகத்தை வடிவமைத்த பர்ட் ருட்டனின் வரைபடத்தில் எரிபொருள் வால்வு ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவில் இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார், எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. எரிபொருள் அளவு தெரிகிற குழாய்களும் இருக்கைக்குப் பின்னால். மான்டரே திடலில் இருந்த மெக்கானிக் ஒருவர் திரும்பிப் பார்க்காமல் அளவு தெரிய ஒரு கண்ணாடி கொடுத்தார். வால்வின் கைப்பிடியை நீட்ட இடுக்கி ஒன்றையும் வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. எரிபொருள் போடலாமா என்ற பேச்சுக்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். கிளம்பிக் கால் மணி நேரம் சென்றபின், சில நூறு அடி உயரத்தில், கரையில் இருந்தவர்களுக்கு 'பட்' என்ற சத்தமும் என்ஜின் ஒலி அடங்குவதும் கேட்டது. அந்த வால்வைத் திருப்ப உடம்பை முறுக்கித் திரும்பும்போது வலது கால் தானாகவே வலது ரடரை, அதாவது வால் சுக்கானின் மிதியை, அழுத்திவிடும் என்று விசாரணையாளர்கள் உட்கார்ந்து பார்த்துக் கண்டறிந்தார்கள்.

என் மாணவர்களை அந்தக் கரைக்கு ஒருமுறை கூட்டிப் போவேன். அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அப்புறம் திடலுக்கு வந்து, என்ஜின் போடாத விமானத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, செலக்டரை இடது, வலது, இடது என்று இருபது தடவை திருப்பச் சொல்வேன். தோள் அசையக் கூடாது, கால் அசையக் கூடாது. புதிய விமானம் எதில் ஏறினாலும் இதைச் செய்யுங்கள்.

எரிபொருள் குறைகிறது என்று தெரிந்தால் ரேடியோவில் தெளிவாகச் சொல்லுங்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கில் விழுந்த ஏவியான்கா 52 என்ற கொலம்பியப் பயணிகள் விமானத்தில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள், ஆனால் "எமர்ஜென்சி" என்ற சொல்லை ஒருமுறைகூடக் கட்டுப்பாட்டாளர்களிடம் சொல்லவில்லை. "மினிமம் ஃப்யூவல்" என்றால், இனித் தாமதம் தாங்காது என்று தெரிவிப்பது, முன்னுரிமை கிடைக்காது. முன்னுரிமை வேண்டுமென்றால் "மேடே" என்ற ஆபத்து அழைப்பு. தொடர்பில் யாரும் இல்லாவிட்டால் அவசர அலைவரிசை 121.5, ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. நம் பிள்ளைகள் மரியாதைக்குப் பயந்து குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், சுற்றிவளைப்பார்கள். வேண்டாம். பிற்பாடு கேட்டால் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

என்ஜின் நின்றே விட்டது என்றால் முதலில் வேகம். 172 எஸ் மாடலுக்கு 68 நாட், ஆர்ச்சருக்கு 76. காற்றில்லாதபோது 172 ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் சறுக்கும், அந்த வட்டத்துக்குள் ஒரு வயலைப் பிடியுங்கள். அதன் பிறகு கைகள்: செலக்டரை அடுத்த டேங்குக்கு, பம்பைப் போடு, மிக்ஸ்சரை உள்ளே, கார்புரேட்டர் என்ஜின் என்றால் அதைச் சூடாக்கும் குமிழை இழு. என்ஜினுக்கு மூச்சு வராவிட்டால் அதை விட்டுவிடுங்கள், வயலைப் பாருங்கள். கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், பெல்ட்டை இறுக்குங்கள். எட்டாத ரன்வேயை எட்டுவதற்காக மூக்கைத் தூக்கினால் விமானம் கல்லாக விழும். கட்டுப்பாட்டோடு கரடுமுரடான நிலத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நடந்து வெளியே வருகிறார்கள்.

பம்பில் கவனிக்க வேண்டியவை சில. நம் விமானங்களுக்கான பெட்ரோல், ஏவ்கேஸ் 100 எல்எல், நீலமாக இருக்கும், ஜெட் எரிபொருள் வைக்கோல் நிறம். வண்டி வந்து நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், ரசீதில் வகையையும் காலனையும் படியுங்கள். நிரப்பியபின் வடிகாலில் மாதிரி எடுத்துத் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். மூடியை நீங்களே திருகி இழுத்துப் பாருங்கள். பறக்கும்போது இறக்கையின் மேல் பக்கத்தில் காற்றழுத்தம் குறைவு, மூடி தளர்ந்திருந்தால் அது எரிபொருளை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் உள்ளே இருப்பவருக்கு அது கண்ணில் படாது.

இறங்கி விமானத்தைக் கட்டிய பிறகு, களைப்பாக இருந்தாலும், ஏணியைப் போட்டு இன்னொரு முறை குச்சியை விடுங்கள். கணக்குப்படி எவ்வளவு இருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். என் நோட்டில் முதல் வரி கிங் சிட்டி: இருக்க வேண்டியது 12, இருந்தது 4. போன சனிக்கிழமை ஒரு மாணவர் எழுதிய வரி: இருக்க வேண்டியது 21, இருந்தது 20.5. அந்த அரை காலன் எங்கே போயிற்று என்று அவர் ஏணியில் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தார்.